கிழக்குப் பக்கம் இல்லாத வழிகாட்டி

ஏப்ரல் 11, நேப்பர்வில்

என் மனைவி பாவாயியின் அஸ்தியை என் மகன் தங்கராசு என்னைக் கேட்காமல் சிகாகோ ஏரியில் கரைத்துவிட்டான். நடந்த தப்பு இதுதான். சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. பவானி கூடுதுறையில், இரண்டு ஆறு சேருகிற இடத்தில், அவளைப் பெற்றவர்களும் என்னைப் பெற்றவர்களும் போன தண்ணீரில் போயிருக்க வேண்டியவள். தேங்கி நிற்கிற தண்ணீரில் கொட்டிவிட்டார்கள்.

அஸ்தியை வாங்கிக்கொண்டு போகத்தான் நான் விமானம் ஏறினேன். சொந்தக் காசில் டிக்கெட் போட்டேன். இறங்கி, கார் ஓட ஆரம்பித்த பிறகு மருமகள் கோகிலவாணி முன்சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னாள்.

“மாமா, போன மாசந்தானுங்க... கரைச்சுட்டமுங்க.”

தங்கராசு ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவனிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவும் போவதில்லை. அந்த ஏரி இருக்கிற பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டேன். புரட்டாசியில் வருஷத் திதி வருகிறது, அதுவரை இருங்கள் என்கிறார்கள். திதியை ஏரிக்கரையில் வைத்துத்தான் கொடுக்கப் போகிறார்களாம். கொடுக்கட்டும். இருக்கிறேன், ஆனால் கரைக்கு வந்து நிற்க மாட்டேன் என்று கோகிலாவிடம் சொல்லியாயிற்று.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. கோகிலா பாயசம் வைத்தாள். குடித்தேன். வெளியில் ஐப்பசி மாதிரி இருட்டிக்கொண்டு வருகிறது. இந்த ஊருக்குச் சித்திரை வந்தது தெரியவில்லை.

ஏப்ரல் 20

வீட்டில் ஒரே இடத்தில் எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பது? பாவாயி இவர்கள் பிரசவத்துக்கு வந்து எப்படித்தான் இருந்தாளோ. குழந்தை தூங்கினால் வீட்டில் சத்தமே இல்லை.

நானும் அவளோடு வந்திருக்க வேண்டும் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். அவர்களுக்கு முறை தெரியாது. இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சிய செய்தி எனக்குப் போனில் படமாக வந்தது. பிள்ளையார் படம், ரோஜாப்பூ, அழைக்கிறோம் என்று கீழே ஒரு வரி. அதே படம் ஊரில் என் மோட்டார் ரிப்பேர்க் கடையில் கம்பி சுற்றுகிற பையன் குப்புசாமிக்கும் வந்திருந்தது. பெற்ற அப்பனைக் கூப்பிடுவதென்றால் வாசலில் வந்து நின்று, “வாங்கப்பா” என்று வாயால் கூப்பிட வேண்டும். அவன் வந்து கூப்பிடாமல் அந்த ஊரில் கால் வைக்க மாட்டேன் என்று சொன்னேன். விசா இரண்டு பேருக்கும் குத்தியாகி இருந்தது. பாவாயி மட்டும் போனாள்.

அவனால் அமெரிக்காவை விட்டு வெளியே வர முடியாதாம். பேப்பர் சிக்கலாம். யாருக்குத்தான் பேப்பர் சிக்கல் இல்லை.

ஏப்ரல் 26

ரயிலில் ஏறி நகரத்துக்குப் போய்விட்டு வந்தேன். தனியாகத்தான். கோகிலா ஸ்டேஷன் வரைக்கும் காரில் கொண்டுவந்து விட்டாள். “மாமா, தொலஞ்சு போயிருவீங்களாட்ட இருக்குது, போன கையிலயே வெச்சுக்கோங்க” என்று நாலு தடவை சொன்னாள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் என்றாலும் இங்கிலீஷ் எனக்குத் தகராறில்லை. மோட்டார் கம்பெனிக்காரன் பெட்டிக்குள் வைத்து அனுப்புகிற புத்தகங்களை வைத்துக்கொண்டே கற்றேன். போர்டு படிக்கத் தெரிந்தவன் எப்படித் தொலைவான்?

யூனியன் ஸ்டேஷன் பெரிய கூடம். கண்ணாடிக் கூரை, தேக்கு மாதிரி பளபளக்கிற மர பெஞ்சு. அதில் உட்கார்ந்து கொண்டுபோன புளிச்சோற்றைச் சாப்பிட்டேன். பக்கத்து பெஞ்சில் ஒருவர் என் தூக்குப்போசியைப் பார்த்தபடியே இருந்தார். கடைசியில் எழுந்து வந்து, “ஐயா தமிழா? மணம் இழுத்துட்டு வந்துட்டு” என்றார்.

சகாயராஜ். தூத்துக்குடிக்காரர். இங்கே தமிழ்ச் சங்கத்தில் புத்தகம் போடுகிற வேலை அவருடையது. பாதிச் சோறு அவருக்குக் கொடுத்தேன்.

மே 3

சகாயம் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வருகிற அப்பா அம்மாக்களுக்குத் தமிழில் ஒரு சிகாகோ வழிகாட்டி வேண்டுமாம்.

“இங்க உள்ள புஸ்தகம் எல்லாம் சின்னஞ்சிறுசுகளுக்கு எழுதுனது ஐயா. எங்கன குடிக்கணும், எங்கன ஆடணும்னு இருக்கும். முட்டுவலிக்காரன் எங்கன உக்காரணும்னு எவன் எழுதுதான்? நீங்கதான் தெனமும் சுத்துதீங்கள்லா. எழுதுங்க.”

எழுதலாம். வீட்டில் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இது மேல்.

மே 9

வழிகாட்டியில் முதலில் தீயைப் பற்றி எழுதினேன். 1871ஆம் வருஷம் ஐப்பசிக்குச் சற்று முன்னால் இந்த ஊர் எரிந்தது. மரத்தால் கட்டிய ஊர், மழை இல்லாத வருஷம், பேய்க்காற்று. ஓலியரி என்கிற அம்மாள் மாட்டுத் தொழுவத்தில் பால் கறக்கும்போது மாடு விளக்கை உதைத்துவிட்டது, அதனால்தான் ஊரே போயிற்று என்று ஒரு பத்திரிகைக்காரன் எழுதினான். பிறகு அவனே அது நான் கட்டிவிட்ட கதை என்று ஒப்புக்கொண்டான். யார் கேட்டார்கள்? அந்த அம்மாள் கடைசிவரை பழியோடு இருந்து பழியோடு செத்தாள். நூறு வருஷம் தாண்டி, 1997இல், நகர மன்றம் கூடி, அந்த அம்மாள் மேலும் மாட்டின் மேலும் குற்றமில்லை என்று தீர்மானம் போட்டது.

இதைச் சாப்பிடும்போது கோகிலாவிடம் சொன்னேன். “எல்லாரும் செத்ததுக்கப்பறம் குத்தமில்லைன்னா என்னுங்க மாமா பிரயோசனம்?” என்றாள். தங்கராசு தட்டோடு எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விட்டான். அவன் எதற்கு எழுந்து போகிறான்?

மே 21

மழை. எங்கும் போகவில்லை. குழந்தையின் சட்டைகளை மடித்து வைத்தேன்.

ஜூன் 2

எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று அகப்பட்டது. இந்த ஊர் முதலில் சேற்றில் இருந்ததாம். சாக்கடை போட வழியில்லை. அதற்காக வீடுகள், ஓட்டல்கள் எல்லாவற்றையும் கீழே ஜாக்கி கொடுத்து ஆளுயரத்துக்கு மேலே தூக்கினார்கள். நூற்றுக்கணக்கான ஆட்கள் விசில் சத்தத்துக்கு ஒரே சமயத்தில் ஜாக்கியைத் திருப்புவார்கள். உள்ளே ஓட்டலில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்குக் கட்டடம் எழும்புவதே தெரியாது.

பாவாயி இருந்தால் நம்பியிருக்க மாட்டாள். “ஏனுங், கொழம்பு சிந்தாதுங்களா?” என்று கேட்டிருப்பாள்.

ஜூன் 11

சகாயம் வீட்டுக்கு வந்து எழுதியதை எல்லாம் படித்தார். கோகிலா கொடுத்த டீயைக் குடிக்க மறந்து, படித்து முடித்துச் சிரித்தார்.

“ஐயா, கக்கூஸ் எங்கன இருக்குன்னு இம்புட்டு வெவரமா எவனும் எழுதுனதில்ல. விவேகானந்தர் பேசுன கட்டடத்துக்கு முன்னால போட்டோ எடுத்த பெறவு எங்கன உக்காந்து காலை நீட்டணும்னு வர எழுதிருக்கீங்க. எல்லாம் சரிதான். ஆனா ஒண்ணு கேக்கட்டா? அந்தக் கட்டடத்தையும் தாண்டிக் கிழக்க என்ன இருக்கு?”

“தெரியும்.”

“தெரியும்லா? பெறவு ஏன் அந்தப் பக்கமே ஒரு எழுத்து இல்ல? ஒரு எடத்துல ‘கிழக்கே உள்ள நீர்நிலை’ன்னு எழுதிருக்கீங்க. இன்னொரு எடத்துல ‘குடிநீர் இருக்கும் பக்கம்’. கடலை உட்டுட்டுத் தூத்துக்குடிய எழுதுனாப்ல இருக்கு! இங்க வார அம்மாமாரு மொதல்ல கேக்கதே ஏரியத்தான்.”

“நான் பார்க்காததை எழுதுவதில்லை” என்றேன்.

“அப்பம் போயிப் பாருங்க. இப்பமே வாங்க, கார்ல போவோம்.”

கோகிலா அவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அவர் டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்துவிட்டு வேறு பேச்சுப் பேசினார். போகும்போது வாசலில் கோகிலா அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றாமலே, “மன்னிச்சிக்கிடுங்க ஐயா” என்றார்.

நான் யாரிடமும் அனுதாபம் கேட்கவில்லை. இவளை யார் சொல்லச் சொன்னது?

ஜூன் 15

ஒரு விஷயத்தை எழுதி வைக்க வேண்டும். கேட்கவே இல்லை என்று நான் எழுதியதைப் படித்து நாளைக்கு யாராவது பேசலாம்.

போன புரட்டாசியில் போன் வந்தது. கோகிலா பேசினாள், பிறகு அவன் பேசினான். அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே முடிந்துவிட்டது என்றான். உடலை அனுப்பட்டுமா, நீங்கள் வருகிறீர்களா, நான் எப்படிச் செய்யட்டும் என்று கேட்டான். நீ கூட்டிக்கொண்டு போனாய், நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதன் பிறகு அவன் கூப்பிட்டபோதெல்லாம் எடுக்கவில்லை. எடுத்து என்ன பேசுவது?

அது கேட்டதாகாது. அஸ்தியைப் பற்றிக் கேட்கவில்லை.

ஜூன் 24

இன்று பார்த்தது நீர்க்கோபுரம். மஞ்சள் கல்லில், தேர் மாதிரி கூம்புகூம்பாக நடுத்தெருவில் நிற்கிறது. ஊரே எரிந்த தீயில் அது நின்றது. எதற்குக் கட்டினார்கள் என்று படித்தேன். அந்த ஏரிக்கடியில் இரண்டு மைல் சுரங்கம் தோண்டி, கரையோர அழுக்குப் படாத தண்ணீரை ஊருக்குக் கொண்டுவந்த காலத்தில் பம்புக்குத் துணையாகக் கட்டியது. இன்றைக்கும் ஊர் குடிப்பது ஏரித் தண்ணீரைத்தான்.

ஆற்றைப் பற்றி எழுதப் போனாலும் அங்கேதான் போகிறது. ஆறு ஏரிக்குள் விழுந்துகொண்டிருந்தது. ஊர்ச் சாக்கடை ஏரிக்குப் போய், குடிக்கிற தண்ணீர் கெட்டு, காலராவில் ஜனங்கள் செத்தார்கள். கால்வாய் வெட்டி ஆற்றையே எதிர்த்திசைக்குத் திருப்பிவிட்டார்கள். எந்தத் தெருவைப் பிடித்துப் போனாலும் இந்த ஊர் கிழக்கே கொண்டுபோய்த்தான் விடுகிறது.

வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்தேன். குடித்து முடித்த பிறகுதான் தோன்றியது.

“கோகிலா, இது எந்தத் தண்ணி?”

“கொழாத் தண்ணிதானுங்க மாமா.”

“அது எங்கிருந்து வருதும்மா?”

அவள் கை பாத்திரத்தோடு நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, “நம்ம நேப்பர்வில்லுக்கும் அங்கிருந்துதானுங்க” என்றாள்.

வந்த நாளிலிருந்து நான் குடித்தது, குளித்தது, அவள் சோறு வடித்தது எல்லாம் அந்த ஏரிதான்.

ஜூன் 25

கடைத் தண்ணீர் வாங்கி வரச் சொன்னேன். அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கியது. தங்கராசுதான் தூக்கி வந்து என் அறை வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

ஜூன் 27

பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் எங்கே பிடித்த தண்ணீர் என்று போட்டிருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். சிகாகோ நகராட்சிக் குழாய்.

குழாயிலேயே பிடித்துக் குடித்தேன். பாட்டிலுக்கு எதற்குக் காசு.

ஜூலை 4

இவர்கள் சுதந்திர தினம். எல்லோரும் வாண வேடிக்கை பார்க்க ஏரிக்குப் போனார்கள். நான் வீட்டில் இருந்தேன். சத்தம் மட்டும் எங்கிருந்தோ கேட்டது.

பாவாயி போன வருஷம் இதே நாளில் போனில் பேசியது ஞாபகம் வந்தது. “ஏனுங், இங்க ஏரிக்கு அக்கரையே இல்லீங். கடலாட்டவே கெடக்குது. ஆனா உப்புக் கரிக்கலீங், நான் நாக்குல வெச்சுப் பாத்தனுங்.” எதையும் நாக்கில் வைத்துப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு.

ஜூலை 18

தங்கராசுக்குக் கிரீன் கார்டு வந்துவிட்டதாம். பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தது. கோகிலா கேசரி கிண்டினாள். அவன் என் அறைக்கு வந்து கதவருகில் நின்றான். நான் வந்ததிலிருந்து அவன் அப்படி வந்து நின்றது இல்லை.

“அப்பா... கார்டு வந்துருச்சுங்கப்பா. இனி எப்ப வேணாலும் ஊருக்கு வந்து போலாமுங்க.”

“கோகிலா, என்னவாமா அவனுக்கு?” என்று உள்ளே பார்த்துக் கேட்டேன்.

அவன் திரும்பினான். தலை நரைத்திருக்கிறது அவனுக்கு. பின்னந்தலையில் என்னைப் போலவே வழுக்கை விழுந்திருக்கிறது. போய்விட்டான். கேசரி நன்றாக இருந்தது, நெய் அதிகம்.

ஜூலை 19

கோகிலா இன்று பேசிவிட்டாள். இந்தக் காலத்துப் பெண்கள் பேசுவார்கள் என்று தெரியும். இப்படிப் பேசுவாள் என்று நினைக்கவில்லை. தங்கராசு ஆபீஸ் போன பிறகு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள்.

“மாமா, நீங்க பெரியவங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. வெளிய போனா திரும்பி உள்ள உடுவாங்களோ மாட்டாங்களோன்னு அவரு பத்து வருசமா பயந்துக்கிட்டுக் கெடந்தாரு. வாசல்ல வந்து கூப்புடுன்னீங்க. எப்பிடிங்க வருவாரு? அத்தை தெனமும் அழுதுக்கிட்டேதான் சிரிச்சாங்க. உங்க கிட்டச் சொன்னாங்களா?”

“சொல்லவில்லை” என்றேன்.

“சொல்ல மாட்டாங்க. அஸ்திய உங்களக் கேக்காம கரைச்சோமுன்னு ஊரெல்லாம் சொல்றீங்க. அது எத்தன மாசம் இங்க இருந்துதுன்னு கேட்டீங்களா? வெளிய தோட்டத்துல அந்த மரத்துலதான் மொதல்ல கட்டித் தொங்க உட்டம். நம்மூர்ல அப்பிடித்தான, ஊட்டுக்குள்ள வெக்கக் கூடாதுன்னு. நீங்க வந்து எடுத்துட்டுப் போவீங்கன்னுதான். கார்த்திகைல மொதப் பனி பேஞ்சுதுங்க மாமா. விடிஞ்சு பாத்தா மரமே வெள்ளையாக் கெடக்குது. அவரு செருப்புகூடப் போடாம ஓடிப் போயிக் கலயத்த அவுத்துட்டு வந்துட்டாரு. ‘ஊட்டுக்குள்ள ஆகாதுங்க’ன்னு நாந்தான் சொன்னேன். ‘அம்மாவுக்குக் குளுரும் கோகிலா’ன்னாரு.”

குழந்தை அவள் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்தது. அவள் அதன் கையை விடுவித்தாள்.

“எங்க வெச்சாருன்னு தெரியுமுங்களா? இந்த ரூம்புலதான். நீங்க வந்தா படுக்கறதுக்குன்னு கட்டில் வாங்கிப் போட்டமே, அதுக்குத் தலமாட்டுல. பங்குனி வரைக்கும் பாத்தோம். போனு பண்ணுனா எடுக்கல, வருவீங்களான்னே தெரியல. பனி கரைஞ்சுதும் ஏரிக்கரைல அத்தை எப்பவும் உக்கோந்திருந்த படிக்குக் கொண்டுபோயிட்டம்.”

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, “காபி கொண்டாரட்டுங்களா?” என்று கேட்டாள்.

ஜூலை 20

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 23

கட்டிலின் தலைமாட்டில் ஒரு சின்ன மர முக்காலி இருக்கிறது. இத்தனை நாள் அதன்மேல் என் மூக்குக்கண்ணாடியும் மாத்திரையும் வைத்திருந்தேன். எடுத்து ஜன்னலில் வைத்தேன்.

ஆகஸ்ட் 5

நகரத்து நூலகத்துக்குப் போனேன். பெரிய செங்கல் கட்டடம், கூரை மூலைகளில் உலோக ஆந்தைகள். வழிகாட்டியில் சேர்க்க வேண்டும்: உள்ளே இலவசம், யாரும் எழுப்ப மாட்டார்கள், லிப்டு உண்டு.

ஏரியைப் பற்றிக் கேட்டேன். வழிகாட்டிக்காகத்தான். அங்கே இருந்த அம்மாள் இரண்டு புத்தகம் எடுத்துக் கொடுத்தாள். நான் நினைத்திருந்தது சரியில்லை. அது தேங்கின தண்ணீர் இல்லை. வடக்கே ஒரு ஜலசந்தி வழியாக அடுத்த ஏரிக்குப் போய், அங்கிருந்து அடுத்ததற்கு, பெரிய அருவியில் விழுந்து, ஆறாக ஓடிக் கடலுக்குத்தான் போகிறது. இன்னும் கொஞ்சம், இவர்கள் திருப்பிவிட்ட ஆற்றின் வழியாகத் தெற்கே போய் வேறொரு கடலில் சேர்கிறது. ஆனால் அவசரமில்லாத தண்ணீர். உள்ளே வந்த தண்ணீர் முழுவதும் வெளியேற ஏறக்குறைய நூறு வருஷம் ஆகும் என்று போட்டிருக்கிறது.

மறுபடி ஒருமுறை படித்தேன். நூறு வருஷம்.

அப்படியானால் அவள் எங்கும் போய்விடவில்லை.

ஆகஸ்ட் 6

காலையில் குழாயில் தண்ணீர் பிடித்தேன். உடனே குடிக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். கோகிலா பார்த்துவிட்டாள்.

ஆகஸ்ட் 27

எழுதிவிட்டேன். வழிகாட்டியில் கிழக்குப் பக்கத்துக்கு ஒரு பக்கம். சகாயத்துக்குக் கொடுப்பதற்கு முன் இங்கேயும் ஒரு பிரதி:

‘ஏரி. ஊரிலிருந்து வருகிறவர்கள் இதைக் கடல் என்று நினைப்பார்கள். அக்கரை தெரியாது. உப்பும் இல்லை. நாக்கில் வைத்துப் பார்த்தவர் சொன்னது. நடுநகரத்தில் கூட்டம் அதிகம், நிற்க இடமிருக்காது. தெற்கே ஹைட் பார்க் பக்கம் போங்கள். அங்கே நிலம் ஏரிக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும். அதைச் சுற்றிப் பெரிய பெரிய சுண்ணாம்புக் கல்லைப் படியாக அடுக்கியிருக்கிறார்கள். நம் கூடுதுறைப் படி மாதிரியே இருக்கும். இறங்கினால் கால் நனையும். கல் வெயிலில் சூடேறியிருக்கும், முட்டுவலிக்கு நல்லது. கிழக்குப் பார்த்து உட்கார்ந்தால் நம் ஊர் அந்தப் பக்கம்தான் என்று தோன்றும். இரண்டு பேர் உட்கார இடம் தாராளமாக உண்டு. தனியாகப் போகாதீர்கள். கூட வர வேண்டியவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.’

ஆகஸ்ட் 30

சகாயம் போனில் கூப்பிட்டார்.

“ஐயா, ஏரிப் பக்கம் படிச்சேன். எப்பம் போனீங்க?”

“போகவில்லை.”

“பாக்காததை எழுத மாட்டேன்னீங்களே?”

“பார்த்தவர் சொல்லக் கேட்டு எழுதியது. போன வருஷம், போனில்.”

“ஒரு எழுத்தும் மாத்த மாட்டேன் ஐயா” என்றார். அவர் குரல் சரியில்லை. ஜலதோஷமாக இருக்கலாம்.

அந்தப் பக்கத்தின் கடைசி வரிகளைப் பாவாயி அப்படியே சொல்லவில்லை. அவள் சொன்னது வேறு. “ஒருநா வாங்க, வந்து இந்தப் படில எங்கூட உக்கோந்து பாருங்க. அப்பறம் உங்க பையனோட சண்ட போட்டுக்கலாமுங்.” நான், வைத்துவிடு, மோட்டார் சுற்ற ஆள் வந்திருக்கிறது என்று சொன்னேன். ஆள் வந்துதான் இருந்தது.

செப்டம்பர் 12

தங்கராசு திதிக்கு லீவு போட்டிருக்கிறானாம். ஐயர் கிடைக்கவில்லை, அவனே செய்வதாகக் கோகிலா சொன்னாள். அவனுக்கு என்ன தெரியும்? எள்ளும் தண்ணீரும் எந்த விரல் வழியாக விழ வேண்டும் என்றுகூடத் தெரியாது.

“நீங்க சொன்னீங்கன்னா கேட்டுக்குவாருங்க மாமா.”

அரைமணி நேரம் கழித்து ஒரு தாளில் கை படம் வரைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அம்புக்குறி போட்டு, சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். சாயங்காலம் பார்த்தபோது தாள் அங்கே இல்லை. சமையல்கட்டில் அவன் வெறும் தண்ணீரை வைத்துக்கொண்டு கையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டைவிரலை அதிகமாக மடிக்கிறான்.

செப்டம்பர் 26

நாளைக்குத் திதி. காலையில் ஹைட் பார்க் படிக்குப் போகிறார்கள்.

முதல் பக்கத்தில் எழுதியதை நான் அடிக்கப் போவதில்லை. தப்பு தப்புதான். ஆனால் நாளைக்கு ஆக வேண்டிய காரியங்கள் இருக்கின்றன. யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவிடுகிறேன். பிறகு குழப்பம் வேண்டாம்.

கோகிலா: பச்சரிசி, எள், பழம் எடுத்து வைக்க வேண்டும். கச்சாயம் சுட வேண்டும், பாவாயிக்கு அதுதான் பிடிக்கும், வெல்லம் தூக்கலாக. பூவைத் தண்ணீரில் போடலாம், பிளாஸ்டிக் பை போகக் கூடாது, ஊர் குடிக்கிற தண்ணீர். குழந்தைக்குக் காதை மூடிக் கட்ட வேண்டும்.

சகாயம்: புத்தகத்தில் ஏரிப் பக்கத்தைக் கடைசியில் வைக்காமல் முதலில் வைக்க வேண்டும். எழுதியவர் என்று என் பெயர் போடலாம். அதற்கு மேலே, சொன்னவர் பாவாயி என்று போட வேண்டும்.

தங்கராசு: எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது கட்டைவிரலை அவ்வளவு மடிக்கக் கூடாது. திதி முடிந்ததும் அந்தப் படியிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் எடுத்து, வாயைத் துணியால் கட்டி வைக்க வேண்டும். வேறு யாரும் எடுக்கக் கூடாது, அவன்தான் எடுக்க வேண்டும். அடுத்த வாரம் நான் போகிற விமானத்திலேயே அவனும் வர வேண்டும். கார்டுதான் வந்துவிட்டதே. பவானியில் இறங்கி நேராகக் கூடுதுறைக்குப் போய், அந்தச் சொம்பை அவன் கையால் ஆற்றில் சாய்க்க வேண்டும். நாளைக்குப் படியில் பாசி இருக்கும். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்கட்டுமா என்று கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.

நான்: எல்லோருக்கும் முன்னால் எழுந்து குளிக்க வேண்டும். வேட்டி கட்ட வேண்டும். யாராவது வந்து கூப்பிடுவதற்கு முன்பே காரில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.